ஐந்து டன் வண்டி சேற்றில் இறங்காதா?

கேள்வி: வணக்கம் சார். பல்லடம் பக்கம் நாலரை ஏக்கரில் ஒரு நூல் குடோனும் அதையொட்டி ஷெட்டும் கட்டும் வேலை எடுத்திருக்கிறேன். நிலம் முழுக்கக் கரிசல். போன மாதம் பெய்த ஒரு மழைக்கே, வாடகைக்கு எடுத்திருந்த 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் முன் சக்கரம் பாதி வரை இறங்கிவிட்டது. ஜேசிபி வைத்துத்தான் இழுத்தோம். லேசான கான்கிரீட்டால் ஆன ஏஏசி கல், சிமெண்ட், கூரை ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டக் கட்டு, கூரை ஷீட் எல்லாம் கேட்டிலிருந்து 120 மீட்டர் உள்ளே போக வேண்டும். இப்போது தெரிந்தவர் ஒருவர் 5 டன் பழைய வண்டி ஒன்றைத் தருகிறேன் என்கிறார். பஞ்சர் தொல்லை இல்லாமல் சாலிட் டயரும் போட்டுத் தருவாராம். ‘ஹெவி டியூட்டி வண்டிங்க, மண்ணைப் பத்திக் கவலையே வேண்டாம்’ என்கிறார். வாங்கலாமா? இல்லை, எலெக்ட்ரிக் வண்டிக்குப் போகலாமா? டெலிஹேண்ட்லர் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது நமக்குத் தேவைப்படுமா? கடைசியாக ஒன்று: எங்களிடம் டிராக்டர் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் ஃபோர்க் செய்து மாட்டிவிட்டால் போதும், லேத்காரரிடம் பேசிவிட்டேன் என்று என் மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒப்பந்ததாரர்

பதில்: வணக்கம். அந்த 5 டன் வண்டியை வாங்காதீர்கள். 3 டன் இறங்கிய இடத்தில் 5 டன் இன்னும் சீக்கிரம் இறங்கும். சாலிட் டயர் போட்டால் அதைவிடச் சீக்கிரம். விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் வண்டியை ஓட்டியது ஏதாவது மில்லின் கான்கிரீட் தரையிலாக இருக்கும். அங்கே ஹெவி டியூட்டி என்றால் அதிக எடை தூக்குவது. உங்கள் கரிசல் கேட்பது வேறு.

ஃபோர்க்லிஃப்ட் எப்படித் தூக்குகிறது என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பழைய கிணற்று ஏற்றம் மாதிரிதான். முன் அச்சு நடுத்தூண். ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் வண்டியின் பின்னால் வைத்திருக்கும் இரும்புப் பாறை, அதாவது கவுண்டர்வெயிட். 3 டன் தூக்கும் டீசல் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல், பெரும்பாலும் 4.3 டன் பக்கம் வரும். முழுச் சுமையோடு மொத்தம் 7.3 டன். இந்த எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிவதில்லை. ஏற்றத்தின் நடுத்தூண் எல்லாவற்றையும் தாங்குவதுபோல, இதில் ஏறக்குறைய ஆறரை டன் முன் அச்சில் போய் உட்காரும். அதாவது இரண்டே டயரில்.

5 டன் வண்டிக்கு இதே கணக்கைப் போட்டால், சொந்த எடை ஏழரை டன் என்று வைத்துக்கொண்டாலும், சுமையோடு முன் அச்சில் 11 டன். லாரியின் பின்பக்க ஒற்றை அச்சில் நான்கு டயருக்கு 2018 திருத்தத்துக்குப் பிறகு அரசு அனுமதிக்கும் எடை 11.5 டன். லாரி தார்ச்சாலையில் நான்கு டயரில் வைக்கும் எடையை, இந்த வண்டி உங்கள் கரிசலில் பெரும்பாலும் இரண்டு டயரில் வைக்கப் போகிறது.

இன்னொரு விஷயம், டயர்க்கடைக்காரர்களுக்குக் கூட இதைச் சொன்னால் வியப்பாக இருக்கும். டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான் டயர் மண்ணை மிதிக்கிறது. 3 டன் ஃபோர்க்லிஃப்ட்டின் முன் டயரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடித்திருப்பார்கள். டிராக்டரின் பெரிய டயரில் 15 பி.எஸ்.ஐ. பக்கம்தான் இருக்கும். 100 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. ஊறிப்போன கரிசல் ஒரு கிலோவைத் தாங்கினாலே பெரிது. டிராக்டர் உழுதுகொண்டு போகிற காட்டில் ஃபோர்க்லிஃப்ட் மாட்டிக்கொள்வதற்கு என்ஜின் சக்தி போதவில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். சக்தி இருக்கிறது, மிதிக்கும் பரப்புதான் இல்லை. சாலிட் டயரில் காற்றே கிடையாது, ரப்பரும் அவ்வளவாக அமுங்காது, தரையைத் தொடும் பரப்பு இன்னும் சுருங்கும். ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் சிதறிக் கிடக்கிற கெட்டித் தரைக்கு அது அருமையான டயர். சேற்றுக்கு அது கத்தி.

இதோடு, சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன் சக்கரத்தில் மட்டும்தான் இழுவை. ஃபோர்க்கை ஏற்றி இறக்க முன்னால் நிற்கும் தூக்குச் சட்டம்தான் மாஸ்ட். அதன் அடிக்கும் தரைக்கும் இடையே இருப்பது 12, 15 சென்டிமீட்டர். அதனால்தான் சக்கரம் பாதி இறங்கியதும் உங்கள் வண்டி அசையவில்லை. மாஸ்ட் மண்ணில் உட்கார்ந்துவிட்டிருக்கும். ஜேசிபியால் இழுத்தபோது எங்கே சங்கிலி கட்டினீர்கள் என்று எழுதவில்லை. மாஸ்ட்டில் கட்டி இழுத்திருந்தால் வாடகைக்காரரிடம் ஒருமுறை மாஸ்ட் சட்டத்தையும் அதைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டை வேண்டாம்.

ஆக, வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்டிலிருந்து உள்ளே 120 மீட்டர் என்கிறீர்கள். குடோன் முடிந்ததும் லாரி வர அங்கே எப்படியும் ஒரு சாலை போடத்தான் போகிறீர்கள், வரைபடத்தில் இருக்கும். அந்தச் சாலையின் அடித்தளத்தைக் கடைசியில் போடாமல் இப்போதே போட்டுவிடுங்கள். மேலே உள்ள கரிசலை ஓரடி வெட்டி எடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன் மேல் கிராவல் கொட்டி உருளை ஓட்ட வேண்டும். துணி எதற்கு என்று கேட்பார்கள். துணி இல்லாவிட்டால் நீங்கள் கொட்டும் கிராவலைக் கரிசல் ஒரே மழைக்காலத்தில் விழுங்கிவிடும். நாலரை மீட்டர் அகலம், அமுங்கிய பிறகு 30 சென்டிமீட்டர் கனம் என்று கணக்குப் போட்டால் 162 கன மீட்டர், நம் கணக்கில் 57 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அமுக்கினால் குறையும் என்பதால் 70 யூனிட் வரவழைக்க வேண்டியிருக்கும். பெரிய டிப்பரில் நான்கு யூனிட் வீதம் 18 நடை. வண்டி திரும்ப ஒரு வட்டமும், பொருள் இறக்கிவைக்க ஒரு மேடையும் இதற்கு மேல். இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வாய்க்கால் கட்டாயம் எடுங்கள். நடுவில் கொஞ்சம் உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்திருக்கட்டும்.

செலவைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். பின்னால் ஆகப்போகிற செலவை முன்னால் செய்கிறீர்கள், அவ்வளவுதான். உரிமையாளரிடம் பேசி இந்தப் பகுதிக்கு முன்கூட்டியே பில் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஐப்பசி மழைக்கு முன் இது முடிந்தாக வேண்டும். உங்கள் பக்கத்துக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர்தான். கரிசல் ஒருமுறை ஊறிவிட்டால் உருளையே உள்ளே போகாது.

இந்தச் சாலை இருந்தால், உங்களுக்குச் சாதாரண 3 டன் டீசல் வண்டியே போதும். காற்று டயர், ஆழமான பட்டன் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சாலையை விட்டு இறங்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி, அதை ஆப்பரேட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது சுமைக்கு வருவோம். உங்கள் ஏஏசி கல் பேலட்டில், அதாவது ஃபோர்க் நுழையும் மரத்தட்டில் வருகிறதா, லாரியில் சும்மா அடுக்கி வருகிறதா? கடிதத்தில் இதை நீங்கள் சொல்லவே இல்லை, ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான். நம் பக்கம் கல் பெரும்பாலும் கையால் அடுக்கித்தான் வருகிறது. அப்படி வந்தால் ஃபோர்க்லிஃப்ட்டுக்குத் தூக்க ஒன்றும் இருக்காது. இறக்குகூலி கொடுத்து ஆளை வைத்து இறக்கி, பிறகு பேலட்டில் மறுபடி அடுக்கி, அதைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் ஒரே கல்லை மூன்று முறை தொடுகிறீர்கள். ஆர்டர் கொடுக்கும்போதே பேலட்டில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். பேலட்டுக்கு வைப்புத்தொகை கேட்பார்கள், கொடுத்துவிடலாம். சிமெண்ட்டும் அப்படியே. 40 மூட்டை ஒரு பேலட்டில் என்றால் சரியாக 2 டன். ஏஏசியில் 600க்கு 200க்கு 200 அளவுக் கல் ஒன்று காய்ந்திருந்தால் 15 கிலோவுக்குள் நிற்கும். ஆலையிலிருந்து நேராக வந்தது, மழையில் நனைந்தது என்றால் 18, 20 கிலோ என்று ஏறும். 72 கல் உள்ள பேலட் 1.1 டன்னிலிருந்து 1.4 டன் வரை போகும். இதில் எதற்குமே 5 டன் வண்டி தேவையில்லை என்பதைக் கவனித்தீர்களா?

அப்படியானால் 3 டன் வண்டி எப்போதும் 3 டன் தூக்குமா? தூக்காது. பெயர்ப்பலகையில் 3000 கிலோ என்று எழுதியிருப்பதற்குப் பக்கத்திலேயே 500 மி.மீ. என்றும் எழுதியிருக்கும். அதுதான் லோடு சென்டர். சுமையின் எடைநடு ஃபோர்க்கின் முதுகிலிருந்து, அதாவது அதன் செங்குத்துப் பகுதியிலிருந்து, அரை மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே அந்த 3 டன் செல்லும். ஏற்றத்தின் கழி நீண்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் உதாரணம். முன் அச்சிலிருந்து ஃபோர்க் முதுகு வரை 480 மி.மீ. உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். 480ஐயும் 500ஐயும் கூட்டி 3000ஆல் பெருக்கினால் 29,40,000. கிலோவையும் மி.மீ.யையும் பெருக்கிய கணக்கில் இதுதான் வண்டியின் மொத்தத் தாங்குதிறன். நீங்கள் தூக்கப்போவது ஃபோர்க்கின் நீளவாக்கில் 2.4 மீட்டர் நீண்ட ஒரு மரப்பெட்டி என்றால், அதன் நடு 1200 மி.மீ.யில் இருக்கும். 29,40,000ஐ 1680ஆல் வகுத்தால் 1750 கிலோ. 3 டன் வண்டி ஒன்றேமுக்கால் டன் வண்டியாகிவிட்டது. இது சமதளக் கான்கிரீட்டுக்கான கணக்கு. கிராவல் சாலையில் நான் இதிலும் கால்பங்கைக் கழித்துவிடுவேன். ஏன் கால்பங்கு என்று கேட்டால் சூத்திரம் எதுவும் கிடையாது, என் பழக்கம்.

மாஸ்ட்டை உயர்த்த உயர்த்தத் தாங்குதிறன் குறைவது தனிக் கதை. வண்டிக்காரர் 6 மீட்டர் மாஸ்ட் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால், 6 மீட்டரில் எத்தனை கிலோ என்று திருப்பிக் கேளுங்கள். பதில் பெயர்ப்பலகையில் இருக்க வேண்டும், அவர் வாயில் இருந்தால் போதாது.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது பள்ளத்தையும் சேர்த்தே பேச வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்குகிறது. கட்டுமான இடத்தில் 10 சென்டிமீட்டரைப் பள்ளம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுமை 40 சென்டிமீட்டர் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். நடுவிலிருந்து சக்கரம் இருப்பதே 50 சென்டிமீட்டரில். சுமை ஏறக்குறைய சக்கரத்தின் நேர் மேலே போய் நிற்கிறது. நான்கு சக்கரம் இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். பின் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஆடுகிறது, அதனால் பக்கவாட்டுச் சாய்வுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஒரு முக்காலி. முன்னால் இரண்டு கால், பின்னால் நடுவில் ஒரு கால். சுமையைத் தரையிலிருந்து 15, 20 சென்டிமீட்டருக்கு மேல் தூக்காமல் ஓட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்வதன் காரணம் இதுதான். சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் சுமை மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும், சரிவில் வண்டியைத் திருப்பக் கூடாது.

பர்லின் கட்டும் கூரை ஷீட்டும் எழுதியிருக்கிறீர்கள். 6 மீட்டர் பர்லின் கட்டைக் குறுக்காக ஃபோர்க்கில் வைத்துக்கொண்டு போனால், மேலே சொன்ன அதே 10 சென்டிமீட்டர் பள்ளத்தில் கட்டின் ஒரு முனை 30 சென்டிமீட்டர் தாழும், மறுமுனை அதே அளவு எழும். பக்கத்தில் ஹெல்பர் நடந்து வந்துகொண்டிருப்பார், அதுதான் வழக்கம். பர்லினை வேண்டுமானால், கட்டைக் கயிற்றால் இறுக்கி, ஃபோர்க் இரண்டையும் அகலமாக விரித்து, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் தரையோடு தரையாகக் கொண்டுபோங்கள். கூரை ஷீட்டை ஃபோர்க்லிஃப்ட் பக்கமே கொண்டுவர வேண்டாம். 10, 12 மீட்டர் ஷீட்டுக்குக் கிரேனும் நீண்ட தூக்குச்சட்டமும்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிப் பல்லடத்துக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஷீட் வேலையை ஆனி, ஆடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிரேன் என்றதும் ஹைட்ராவைக் கூப்பிடுவீர்கள். அது ஒரு நிறுவனத்தின் வண்டிப்பெயர், இப்போது எல்லா நிறுவன வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது. தூக்கிக்கொண்டு நடக்கிற வண்டி என்பதால் சைட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்குப் பயம் அதிகம். பழைய மாடலில் பூம், அதாவது தூக்கும் கை, ஆப்பரேட்டரின் பார்வையை ஒரு பக்கம் முழுக்க மறைக்கும், சுமை தொங்கி ஆடும், அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் முன்னால் நடப்பார். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் சைட்டில் பழைய ஹைட்ராவை உள்ளே விடுவதில்லை. கூப்பிட்டால் பூம் முன்னால் இருக்கும், பார்வை திறந்த புதிய மாடலாகக் கேளுங்கள்.

டெலிஹேண்ட்லர் தேவையா? வாங்கத் தேவையில்லை, சில வாரங்களுக்கு வாடகைக்குத் தேவைப்படலாம். கரடுமுரடான நிலத்துக்கென்றே பிறந்த வண்டி அது. பெரிய டயர், நான்கு சக்கரத்திலும் இழுவை, வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஓரடிக்கு மேல் இடைவெளி, மாஸ்ட்டுக்குப் பதில் நீளும் கை. கல்லைச் சாரத்தின் உச்சிக்கே கொடுக்கும், சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் வைக்கும். ஷெட்டின் பக்கச்சுவர் எழும்பும் நாட்களில் இது பத்துப் பேர் வேலையைச் செய்யும். ஆனால் இதிலும் டன் கணக்கு ஏமாற்றும். 4 டன், 17 மீட்டர் வகை வண்டி என்றால், 17 மீட்டர் தூரத்தில் 4 டன் என்று நம்மவர்கள் படித்துவிடுகிறார்கள். கையை முழுக்க முன்னால் நீட்டினால் அரை டன்னோ முக்கால் டன்னோதான். அதாவது நீங்கள் அனுப்பும் ஏஏசி பேலட்டில் பாதி. ஆப்பரேட்டர் அறையில் லோடு சார்ட் ஒட்டியிருக்கும், கோண வாரியாக, நீள வாரியாகக் கட்டம் போட்டிருப்பார்கள். அதைப் படிக்கத் தெரியாத ஆப்பரேட்டரோடு வருகிற டெலிஹேண்ட்லரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் நிலத்தின் மேல் 11 கே.வி. கம்பி எதுவும் போகிறதா என்றும் பாருங்கள். கை நீள்கிற எந்த எந்திரத்தையும் மின்கம்பிக்கு 4 மீட்டருக்குள் நான் விடுவதில்லை.

எலெக்ட்ரிக் வண்டி நல்ல வண்டி, குடோன் கட்டி முடிந்த பிறகு உரிமையாளர் வாங்கிக்கொள்ளட்டும். தற்காலிக இணைப்பில் சார்ஜ் போட்டு, மழையிலும் தூசியிலும் ஓட்ட இப்போது வேண்டாம்.

இந்த வேலைக்கு வாடகை வண்டியே போதும் என்பது என் எண்ணம். அடுத்தடுத்து இதேபோல ஷெட் வேலைகள் கையில் இருந்து, சொந்தமாக ஒரு பழைய 3 டன் வாங்கலாம் என்று பிறகு தோன்றினால் மட்டும் இதைப் படியுங்கள். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அதுதான் முதலில் அடிக்கப்படும். பெயர்ப்பலகை இல்லாத வண்டியை விலை கேட்கவே வேண்டாம். வெர்னியர் காலிப்பர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஃபோர்க் எல் வடிவில் வளையும் குதிகாலில் கனத்தை அளங்கள், பிறகு தேயாத செங்குத்துப் பகுதியில் அளங்கள். குதிகால் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் ஃபோர்க்கைத் தூக்கிப்போட வேண்டும். பத்து சதவீதம்தானே என்பார்கள். பட்டையின் வலிமை கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கனம் பத்து சதவீதம் போனால் வலிமையில் ஏறக்குறைய இருபது சதவீதம் போய்விடும். மாஸ்ட் சங்கிலியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளை அளந்து, புதுச் சங்கிலியின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று சதவீதம் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். பிறகு, முழுச் சுமையைத் தூக்கி நிறுத்திவிட்டு என்ஜினை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் 100 மி.மீ.க்கு மேல் தானாக இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம். பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், அது பொய் சொல்லாது. மாற்றியிருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஆவணத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகன விதிகளில் கட்டுமான எந்திர வாகனம் என்பதற்கான விளக்கத்திலேயே ஃபோர்க்லிஃப்ட்டின் பெயர் இருக்கிறது. சைட்டிலிருந்து சைட்டுக்குச் சாலையில் ஓட்டிப்போவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகமும் காப்பீடும் வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கும் எந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் தொட்டு வரும் நடைமுறை. வாடகை வண்டியானாலும் அந்தச் சான்றைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள். விபத்து நடந்தால் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

ஆட்களைப் பற்றி மூன்று விஷயம். ஷெட் வேலையில் பர்லினுக்கு போல்ட் போட உயரத்துக்குப் போக வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் சும்மா நிற்கும், பேலட்டில் ஆளை ஏற்றித் தூக்கச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். நான் சேர்ந்த புதிதில் வேலை பார்த்த ஒரு சைட்டில் அப்படித்தான் ஒருவரைத் தூக்கினார்கள். அவர் ஸ்பானரை எட்டி இழுத்தபோது பேலட் ஃபோர்க்கிலிருந்து நழுவியது. விழுந்தவர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே பிறகு வேலை செய்யவில்லை. அன்று அந்த வண்டியை அனுப்பிவைத்தவர்களில் நானும் ஒருவன். ஆள் ஏற அதற்கென்று உள்ள பூம் லிஃப்ட்டோ சாரமோதான். இரண்டாவது, சுமை கனமாகி வண்டியின் பின்பக்கம் எழும்பினால், இரண்டு பேரைப் பின்னால் ஏறி நிற்கச் சொல்வார்கள். பின்பக்கம் எழும்புவது வண்டி உங்களிடம் பேசுகிறது என்று அர்த்தம். ஆளை ஏற்றினால் அதன் வாயை மூடுகிறீர்கள். மூன்றாவது, சீட் பெல்ட். வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர்தான் மேல்கூண்டுக்கு அடியில் நசுங்குகிறார். உள்ளேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, விழும் திசைக்கு எதிராகச் சாய வேண்டும். இதை ஆப்பரேட்டருக்கு வாயால் சொன்னால் போதாது, நின்ற வண்டியில் உட்கார வைத்து ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மாமா. அவரை எல்லாரும் கிண்டல் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1958இல் பிரான்சில் மார்செல் ப்ரோ என்பவர் செய்ததும் ஏறக்குறைய இதையேதான். டிராக்டரின் ஓட்டுநர் இருக்கையைத் திருப்பிப் போட்டு, பெரிய சக்கரம் இருக்கும் பின்பக்கத்தில் மாஸ்ட்டை நட்டார். மனிடூ என்ற பெயரில் வரும் கரடுமுரடு நில ஃபோர்க்லிஃப்ட்கள் அங்கிருந்துதான் கிளம்பின. சுமைக்குக் கீழே பெரிய, காற்றழுத்தம் குறைந்த சக்கரம் வேண்டும் என்று உங்கள் மாமாவுக்குத் தோன்றியது சரியான யோசனை.

ஆனால் அவர் டிராக்டரில் இருக்கையும் திரும்பவில்லை, மாஸ்ட்டும் இல்லை, ஏர் மாட்டும் கைகள்தான் இருக்கின்றன. 45, 50 குதிரைசக்தி டிராக்டரின் கைகள் நுனியில் ஒன்றரை டன் பக்கம் தூக்கும். ஃபோர்க்கில் சுமை இன்னும் பின்னால் தள்ளிப் போவதால் அதைவிடக் குறைவாகத்தான் தூக்கும், அதற்கு முன்பே முன் சக்கரம் மண்ணை விட்டு எழுந்துவிடும். அதனால் 36 கல், அதாவது அரைப் பேலட், ஈரக் கல்லானாலும் 720 கிலோவுக்குள், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. முன்னால் பம்பரில் எடைக்கட்டிகளை மாட்டிவிடச் சொல்லுங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கும்படி லேத்காரர் எதையும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிராவல் மேடையிலிருந்து சாலை போகாத மூலைகளுக்கு, மழை விட்ட மறுநாள் கல் கொண்டுபோக, அந்த நிலத்தில் வேறு எந்த வண்டியையும் விட அது உதவும். ஃபோர்க்கை மட்டும் பட்டை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டாம். உடைத்து விற்கும் ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து குதிகால் தேயாத அசல் ஃபோர்க் ஒரு ஜோடி வாங்கித் தரச் சொல்லுங்கள், சட்டத்தை மட்டும் அவர் செய்யட்டும். முதல் நடையில் ஸ்டீயரிங் கையில் லேசாக வந்தால் மேல் வரிசைக் கல்லை இறக்கிவிட்டு மறுபடி போகச் சொல்லுங்கள்.